மங்கையற்கரசியின் மண்ணிற உடுப்பு

என் மனைவி மங்கையற்கரசி ஐந்து நிமிடம் வாய் மூடி இருந்ததை இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் ஒரே ஒரு தடவைதான் கண்டிருக்கிறேன். அன்றைக்கு அவளுக்குப் பல்லுப் பிடுங்கியிருந்தது. அப்படிப்பட்டவள் வான்கோழி வேட்டைக்குப் போகப்போகிறேன் என்று சொன்னால் நான் சிரிக்காமல் என்ன செய்வது? வேட்டை என்றால் மணிக்கணக்கில் அசையாமல், பேசாமல் மரத்தடியில் குந்தியிருக்க வேண்டும். நுணலும் தன் வாயால் கெடும் என்று பழமொழியையும் எடுத்துவிட்டு, சோபாவில் விழுந்து விழுந்து சிரித்தேன்.

"சிரியுங்கோ, நல்லாச் சிரியுங்கோ. வாய் சுளுக்கேக்கை எண்ணெய் பூச என்னட்டைத்தானே வருவியள்" என்றாள்.

மங்கைக்கு வயது ஐம்பத்தொன்று. ஸ்காபரோவில் அடுக்குமாடியில் இருந்துவிட்டு, வீட்டு விலைக்குப் பயந்து அஜக்ஸுக்கு ஓடிவந்த கூட்டம் நாங்கள். ஒஷாவாவில் கார் இருக்கைக்கு இரும்புச் சட்டம் செய்கிற தொழிற்சாலையில் பதினெட்டு வருடமாக வேலை செய்கிறாள். எட்டு மணித்தியாலம் இரும்போடு இரும்பு அடிபடுகிற சத்தம். வீட்டுக்கு வந்தால் போன் சத்தம். மார்க்கம் நகரத்தில் இருக்கிற தங்கை பரிமளத்துக்குப் புருஷனோடு சண்டை என்றாலும் மங்கை வேண்டும். கோயிலில் மோதகம் அவிக்க ஆள் குறைந்தாலும் மங்கை வேண்டும். எங்கள் மகள் துவாரகாவுக்கு ஒரு சொக்ஸ் காணாமல் போனாலும் மங்கை வேண்டும். நான் மட்டும் என்ன திறம்? கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு, கண்ணாடி எங்கே என்று அவளைத்தான் கூப்பிடுவேன்.

அவளோடு ஒரே வரிசையில் வேலை செய்கிறவன் மரியோ. இத்தாலிக்காரன், அறுபது வயது, வேட்டைப் பைத்தியம். ஒரு தடவை தான் சுட்ட காட்டு வான்கோழியில் ஒரு நெஞ்சுத் துண்டைக் கொடுத்தான். மங்கை அதைக் கறுவாவும் மிளகும் போட்டுப் பிரட்டல் கறி வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். சாப்பிட்ட மரியோவுக்குக் கண்ணால் தண்ணீர் ஓடியது. உறைப்பாலா சந்தோஷத்தாலா என்று இன்றுவரைக்கும் தெரியாது. அன்று பிடித்த பேச்சுத்தான் இந்த வேட்டைப் பேச்சு. பிறகு வகுப்பு, சோதனை, லைசன்ஸ் என்று இரண்டு வருடம் அலைந்தாள். இவள் சலித்துப்போய் விடுவாள் என்று நானும் காத்திருந்தேன். அவள் எங்கே விட்டாள்!

"துவக்குக்குப் பயந்து நாடு விட்டு ஓடிவந்த சனம் நாங்கள். இஞ்சை வந்து நீ துவக்குத் தூக்கப் போறியோ?" என்று ஒருநாள் கத்தியே விட்டேன்.

"அது எங்களைத் தேடிவந்த துவக்கு. இது கோழியைத் தேடிப் போற துவக்கு. ரெண்டும் ஒண்டெண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது?"

கொஞ்ச நேரம் கழித்து அவளே வந்து பக்கத்தில் இருந்தாள்.

"இஞ்சேருங்கோ. மரியோ சொல்லுறான், அங்கை மரத்தடியிலை இருந்தா மத்தியானம் வரைக்கும் ஒருத்தரும் ஒருத்தரையும் கூப்பிட மாட்டினமாம். எனக்கு அது வேணும். கோழி கிடைச்சாலும் சரி, கிடைக்காட்டிலும் சரி."

அதற்குப் பிறகு நான் சிரிக்கவில்லை. பாவமாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது.

ஆனால் ஆசைப்பட்டால் போதுமா, இடம் வேண்டுமே. ஒஷாவாவுக்கு வடக்கே ஒரு பண்ணை. அதன் சொந்தக்காரி தன் காட்டுக்குள் வேட்டைக்காரர் இரண்டு பேருக்கு மேல் விடமாட்டாள். ஒருவன் மரியோ. மற்றவன் றோய் என்று அவனுடைய பழைய கூட்டாளி. அவன் மகளோடு இருக்கப்போகிறேன் என்று மேற்குக் கரைக்குப் போய்விட்டான். அந்த ஒரு இடத்துக்கு இரண்டு பேர் நின்றார்கள். ஒருத்தி என் மனைவி. மற்றவர் அதே தொழிற்சாலையில் வேலை செய்யும் அன்புராசா. மரியோ ஒரே சோதனைதான் வைத்தான். ஆளுக்கு ஒரு சனிக்கிழமை. விடியலில் இருந்து மத்தியானம் வரை மரத்தடியில் அசையாமல் இருக்க வேண்டும். குளிருது, நனையுது, வேர்க்குது என்று எழும்பினால் அதோடு சரி.

அன்புராசாவுக்கு முதல் சனி. மனுஷன் இலையும் குழையும் வரைந்த புத்தம்புது உடுப்பு, மழைக்கோட்டு, தொப்பி, கையுறை என்று தலையிலிருந்து கால்வரை வாங்கிப் போட்டுக்கொண்டு போனார். மழைக்கோட்டு பிளாஸ்ரிக். மூச்சு விட்டால் ஒரு சரசரப்பு, தலையைத் திருப்பினால் இன்னொரு சரசரப்பு. உள்ளே பருத்திச் சட்டை. நடந்துபோன வியர்வையில் அது நனைந்து, பிறகு காற்றில் ஐஸாகி, ஒன்பது மணிக்குப் பல்லுக் கிட்டி எழும்பிவிட்டார்.

"அன்ரி, உது மனிசர் செய்யிற வேலை இல்லை" என்று திங்கட்கிழமை மங்கையிடம் சொன்னாராம். நாற்பத்தெட்டு வயசு மனுஷனுக்கு என் பெண்சாதி அன்ரியாம்! மங்கைக்கு அதுதான் கூடக் கோபம்.

எங்களுக்கு இருந்தது ஐந்து நாள். உடுப்பு இல்லை. மங்கையின் அலுமாரியைத் திறந்தால் கண் கூசும். மயில் நீலம், மாம்பழ மஞ்சள், இரத்தச் சிவப்பு. பனிக்கால ஜக்கெற்கூடச் சிவப்பு. மங்கலான நிறம் வீட்டுக்கு ஆகாது என்பது அவளுடைய கட்சி. இதைக் கேள்விப்பட்ட மரியோ தன்னுடைய பழைய ஜக்கெற் ஒன்றை ஒரு பையில் போட்டுக் கொடுத்துவிட்டான். சமையலறை மேசையில் வைத்து நான்தான் பையைத் திறந்தேன். பச்சையும் மண்ணிறமும் கறுப்பும் திட்டுத் திட்டாக வரைந்த துணி. எனக்குக் கை நின்றுவிட்டது. எங்கள் ஊரில் அந்தத் துணியைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தவர்கள் ஒருநாளும் நல்ல விஷயத்துக்கு வந்ததில்லை. மங்கையைப் பார்த்தேன். அவளும் அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். பையைக் கட்டிக் கொண்டுபோய்க் காரின் டிக்கியில் வைத்துவிட்டு வந்து கையைக் கழுவினாள்.

"வேட்டையும் வேண்டாம் ஒண்டும் வேண்டாம். இந்தத் துணியை நான் போட மாட்டன்" என்றாள்.

அடுத்தநாள் மரியோவிடம் ஜக்கெற்றைத் திருப்பிக் கொடுத்து விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். அவன் சொன்னதை என் தமிழில் சொல்கிறேன்: "புள்ளி போட்ட உடுப்பு அசையிற ஆளுக்குத்தான் வேணும். அசையாத ஆளுக்கு மரப்பட்டை நிறத்திலை எது போட்டாலும் காணும். என்ரை அப்பா வீட்டிலை போடுற பழைய கம்பளிக் கோட்டோடைதான் காலம் முழுக்கச் சுட்டவர்."

ஆகா! இனி அது என்னுடைய சாம்ராச்சியம். இந்தப் பத்மநாதன் யார்? இருபத்திரண்டு வருடம் ஸ்காபரோவில் ட்ரை கிளீனிங் கடையில் நிற்கிறவன். கண்ணைக் கட்டிவிட்டுத் துணியைக் கையில் தந்தாலும் கம்பளி எத்தனை பங்கு, கலப்பு எத்தனை பங்கு என்று சொல்லுவேன். இந்தக் கலைக்கு இந்த வீட்டில் ஒரு மதிப்பும் இருந்ததில்லை. அந்தக் கிழமை இருந்தது.

பழைய உடுப்பு விற்கிற கடைகளுக்கு மூன்று நாள் பின்னேரம் மங்கையை இழுத்துக்கொண்டு அலைந்தேன். மே மாதத் தொடக்கம். இந்த ஊர்க் காலநிலையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை; காலையில் ஸ்நோ, பத்து மணிக்கு மழை, மத்தியானம் வெயில், பின்னேரம் அதற்கும் மன்னிப்புக் கேட்பதுபோல ஒரு காற்று. ஒரே தடித்த ஜக்கெற் இதற்குச் சரிவராது. தோலோடு ஒட்ட மெல்லிய கம்பளிச் சட்டை, நனைந்தாலும் சூடு விடாது. அதற்கு மேல் ஒரு கம்பளி ஸ்வெற்றர், காய்ந்த புல்லு நிறம். எல்லாவற்றுக்கும் மேலே இறுக்கி நெய்த தடித்த கம்பளிக் கோட்டு. மழை அதற்குள் ஊற ஒரு மணித்தியாலம் எடுக்கும், உரசினாலும் சத்தம் வராது. பருத்தி ஒரு நூல்கூட இல்லை. கடையில் ஒவ்வொரு கோட்டையும் காதடியில் பிடித்துக் கசக்கிப் பார்த்தேன். அங்கே நின்ற ஒரு கிழவி எனக்கு மூளை பிசகிவிட்டது என்று நினைத்து விலகிப்போனாள்.

"உங்களுக்கு உது நல்லாயிருக்கோ?" என்று கண்ணாடிக்கு முன்னால் நின்று மங்கை கேட்டாள். முழுக்க முழுக்க மண்ணிறம்.

"கண்டறியாத வடிவு. விறகுக் கட்டை மாதிரி இருக்கிறாய்."

வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தச் சொல்லுக்கு அவள் சந்தோஷப்பட்டாள்.

கோட்டில் இழுத்துப் பூட்டுகிற சிப் இருந்தது. வெயில் ஏற ஏற அதைத் திறக்க வேண்டும், சிப் இழுபட்டால் காடு முழுக்கக் கேட்கும். அதை வெட்டி எறிந்துவிட்டு மரப் பொத்தான் தைத்தேன். வெங்காயம் தாளித்த மணம் துணியில் ஏறிவிடுமே என்று எனக்குப் பெரிய கவலை. வான்கோழிக்கு மூக்கு மட்டம், கண்தான் எமன் என்று மரியோ போனில் சொன்னான். அதோடு ஒரு எச்சரிக்கையும் சொன்னான். சிவப்பு, வெள்ளை, நீலம் இந்த மூன்றும் உடம்பில் எங்கேயும் தெரியக்கூடாது. சேவலின் தலை அந்த மூன்று நிறம். வேலிக்கு அப்பால் இன்னொரு வேட்டைக்காரன் இருப்பான், பற்றைக்குள் சிவப்பும் வெள்ளையுமாக ஒன்று அசைந்தால் கோழித்தலை என்று சுட்டுவிடுவான்.

அதற்குப் பிறகு நான் விட்டேனா? காற்சட்டைக்குள் இருந்த வெள்ளைத் துணிச் சீட்டை வெட்டினேன். சப்பாத்து நூலில் ஒரு நீலக் கோடு இருந்தது, மாற்றினேன். வெள்ளைச் சொக்ஸை எடுத்துவிட்டுச் சாம்பல் சொக்ஸ் வைத்தேன். அவளுடைய கைக்குட்டையைக்கூட விடவில்லை. துவாரகா படியில் இருந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "அப்பா, யூ ஆர் சோ எக்ஸ்ட்ரா" என்றாள். அது என்ன பாராட்டோ திட்டோ, நான் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது, மங்கைக்கு மரக்கறி நாள். அன்று பின்னேரம் நான் கோயிலுக்குப் போய் அவள் பேரில் ஒரு அர்ச்சனை செய்தேன். உள்ளதைச் சொல்லுகிறேன், எனக்குப் பயம். சனி விடியப்புறம் புறப்படும் நேரம், சுவாமி அறைக்கு முன்னால் அவளை நிறுத்தி, நெற்றி நிறையத் திருநீறு பூசினேன். அதன் கீழே குங்குமத்தை அப்பிப் பெரிய பொட்டாக வைத்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். நாலு மணி இருட்டில், கம்பளித் தொப்பியை இழுத்து மாட்டிக்கொண்டு காரில் ஏறினோம். கார் ஓடுவது நான். இருட்டில் அவளைத் தனியே விட எனக்கு மனம் வரவில்லை.

பண்ணை வாசலில் மரியோ ரோர்ச் லைற்றோடு நின்றான். கோட்டைத் தடவிப் பார்த்தான், பொத்தானைப் பார்த்தான், சொக்ஸைப் பார்த்தான். "ஆர் தெரிவு செய்தது?" என்றான். நான் நெஞ்சை நிமிர்த்தினேன். பிறகு மங்கை தொப்பியைக் கொஞ்சம் பின்னால் தள்ளினாள். வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது. மரியோ இரண்டடி பின்னால் போனான்.

வெள்ளை. அதன் கீழே சிவப்பு. அச்சொட்டான கோழித்தலை!

ஐயோ கடவுளே, நூலைக்கூட விடாமல் தேடித் தேடி வெட்டினவன், என் கையாலேயே கொண்டுபோய் நெற்றியில் அப்பிவிட்டிருக்கிறேன். மரியோ ஒரு ஈரத்தாளை நீட்டி, துடைக்கச் சொன்னான். மங்கை தாளை வாங்கவில்லை. என்னைப் பார்த்தாள். புருஷன் குத்துக்கல்லாக முன்னால் நிற்க, ஒருத்தி எப்படித் தன் பொட்டை அழிப்பாள்? அவளுக்கு அது முடியாது என்று எனக்குத் தெரியும். அவளுக்கு மட்டுமா, எனக்கும் அதைப் பார்க்க முடியாது.

"தொப்பியை இழுத்து மறைக்கலாம்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

"வேர்க்கத் தொடங்கினால் தொப்பி மேலே ஏறும். நான் ஒரு ஆளின் உயிரைத் தொப்பியை நம்பி விடமாட்டேன்" என்றான் மரியோ. அவன் சொன்னது நியாயம். கிழக்கே சாம்பல் வெளிச்சம் வரத் தொடங்கிவிட்டது.

"அப்ப நான் போகேல்லை" என்றாள் மங்கை. சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். இரண்டு வருடம் படித்து, ஐந்து நாள் அலைந்து, வாசலில் வந்து நிற்கிறாள். என்மேல் ஒரு சொல் கோபிக்கவில்லை. திட்டியிருந்தாலாவது எனக்கு ஆறியிருக்கும்.

என்ன செய்கிறேன் என்று யோசிக்காமல் நான் குனிந்தேன். வாசலில் முதல்நாள் மழைக்கு ஊறிய சேறு. நடுவிரலால் ஒரு தொட்டு எடுத்து, அந்தக் குங்குமத்துக்கு மேலேயே வட்டமாக ஒரு பொட்டு வைத்தேன். மூன்று விரலால் தொட்டுத் திருநீற்றுக்கு மேலே மூன்று குறி இழுத்தேன். ஒன்றையும் அழிக்கவில்லை. எல்லாம் உள்ளே இருந்தது. வெளியே மண்ணிறம்.

மங்கை ஒரு கணம் விழித்தாள். பிறகு சிரித்தாள் பாருங்கள், "சீ, சேறு மூக்கிலை ஒழுகுது!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். மரியோ லைற்றை அடித்து இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்துவிட்டு, தலையாட்டி, வாயில் விரலை வைத்தான். அவள் கப்பென்று அடங்கினாள். துவக்குகளோடு இரண்டு பேரும் நடந்து போய்விட்டார்கள்.

என்னை வைக்கோல் கொட்டகையில் இருக்கச் சொன்னார்கள். பலகை இடுக்கால் பார்த்தால் வயலும், வயலுக்கு அப்பால் மேப்பிள் மரங்களும் தெரியும். இடமிருந்து நாலாவது மரத்தடியில் மங்கை இருப்பாள், அடுத்த மரத்தடியில் மரியோ. நன்றாக விடிந்ததும் பார்த்தேன். நாலாவது மரம் இருந்தது. மங்கையைக் காணவில்லை. கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். மரம், வேர், சருகு. அந்த உடுப்பின் ஒவ்வொரு நூலையும் தெரிவு செய்தவன் நான், அந்த உடுப்புக்குள் இருப்பவளோடு இருபத்தாறு வருடம் வாழ்ந்தவன், எனக்கே என் பெண்சாதியைத் தெரியவில்லை! பெருமையில் கையைத் தட்டப்போய், சத்தம் கேட்குமே என்று தொடையில் மெதுவாகத் தட்டிக்கொண்டேன்.

ஏழு மணிக்கு ஸ்நோ கொட்டியது. எட்டரைக்கு அது மழையானது. கொட்டகைக்குள் நான் தடித்த ஜக்கெற்றோடு நடுங்கினேன். ஒன்பது மணி. அன்புராசா எழும்பின நேரம். நாலாவது மரத்தடியில் ஒரு அசைவு இல்லை. எனக்குப் பெருமை போய்ப் பயம் பிடித்தது. விறைத்துக் கிறைத்துப் போனாளோ? ஓடிப்போய்ப் பார்ப்போமா? போனால் அவளுடைய இடம் போய்விடும். வைக்கோல் கட்டில் இருந்து எழும்புவதும் இருப்பதுமாக இருந்தேன். மத்தியானம் வரை அசையாமல் இருக்க முடியாதவன் நான்தான் என்று அப்போது தெரிந்தது.

பத்தரைக்கு மேகம் விலகி வெயில் அடித்தது. வயலில் ஆவி எழும்பியது. மரியோ தன் சின்னப் பலகைப் பெட்டியை உரசிப் பேட்டுக்கோழி மாதிரிக் கூப்பிட்டான். ஒன்றுமில்லை. மறுபடியும் கூப்பிட்டான். தூரத்தில் கடகடவென்று ஒரு பதில் வந்தது. பதினொன்றரைக்கு வயல் ஓரமாக வந்தது சேவல். வாலை விசிறி, நெஞ்சைத் தள்ளி, சம்பந்தி வீட்டுக்கு வருகிற மாப்பிள்ளையின் தகப்பன் மாதிரி நடை. தலை சிவப்பும் வெள்ளையும் நீலமும். நாலாவது மரத்தை நேரே பார்த்தது. அதற்கும் அவளைத் தெரியவில்லை.

ஒரே ஒரு வெடி.

நான் ஓடினேன். சேற்றில் ஒரு சப்பாத்து கழன்றது, விட்டுவிட்டு ஓடினேன். கோழி விழுந்து கிடந்தது. மரியோ மங்கையின் துவக்கை வாங்கிப் பத்திரப்படுத்திவிட்டுத் தொப்பியை மேலே எறிந்து பிடித்துக்கொண்டு நின்றான். மங்கை மரத்தடியில் அப்படியே இருந்தாள். கோட்டில் மேல் இரண்டு பொத்தான் திறந்திருந்தது. கண் பளபளத்தது.

"கால் விறைச்சுப் போச்சு. தூக்கி விடுங்கோ" என்றாள்.

தூக்கினேன். உள்ளே தொட்டுப் பார்த்தேன். கோட்டு ஊறிப் பாரமாக இருந்தது, உள்ளே சட்டை இளஞ்சூடாக இருந்தது. கோழியைத் தோளில் போட்டுக்கொண்ட மரியோ அவள் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

"இந்தக் கோழி வராவிட்டாலும் இடம் உனக்குத்தான். நான் ஒன்பது மணிக்கே முடிவெடுத்துவிட்டேன்" என்றான். "அடுத்த சனிக்கிழமை வருவாய்தானே?"

மங்கைக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான், ஏன் மறைக்க வேண்டும்? துள்ளிக் குதிக்காத குறை.

காரில் ஏறியதும், "அடுத்த சனியும் நாலு மணிக்கே எழும்பிடுவம். நான் ரீ போட்டு வைக்கிறன்" என்றேன்.

"நீங்கள் வரவேண்டாம்" என்றாள்.

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. ஐந்து நாள் நாயாய் அலைந்தவன் நான். கோட்டுத் தெரிவு செய்தவன் நான், பொத்தான் தைத்தவன் நான். அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதையாக இருக்கிறதே என்று வாய்வரை வந்துவிட்டது.

"கோவிக்காதேங்கோ" என்றாள். "மரத்தடியிலை இருக்கேக்கை எனக்கு ஒரு சொல்லும் வரேல்லை. ஆறு மணித்தியாலம். நல்லா இருந்தது. நீங்கள் பக்கத்திலை இருந்திருந்தா ஆறு நிமிசம் சும்மா இருந்திருக்க மாட்டன். உங்களைக் கண்டாத்தான் எனக்குக் கதைக்கோணும் போல கிடக்கும். வேறை ஆரோடையும் எனக்கு அப்பிடி இல்லை."

சொல்லிவிட்டு, தொடங்கினாள். ஸ்நோ முதலில் எந்தக் கண்ணிமையில் விழுந்தது, ஒரு அணில் சப்பாத்தில் ஏறி என்ன செய்தது, மழைத்துளி தொப்பி விளிம்பில் எத்தனை தரம் நின்று நின்று விழுந்தது, கோழி அவளைப் பார்த்தபோது அவளுடைய நெஞ்சு எப்படி அடித்தது, எல்லாம், ஒன்றும் விடாமல். அஜக்ஸுக்கு முப்பது நிமிட ஓட்டம். நான் மெதுவாக ஓடுகிற வலது பக்க வரிசைக்கு வந்து, பின்னால் ஹோர்ன் அடித்தவனையெல்லாம் போகவிட்டு, ஒரு மணித்தியாலமாக ஓடினேன்.